முளைக்காத பாரி

வெள்ளையம்மாள் உள்ளிருந்து கதவைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது ஒரு வாடை. அதற்குப் பின்னரே அவர் வந்தார்.

வாசலில் கும்மியடிக்கக் கூடியிருந்த பெண்கள் கைகளை உயர்த்தியவாறே நின்றுவிட்டனர். அவர் முகத்தைக் கண்ட அளவிலேயே, உள்ளே ஏதோ இறந்திருக்கிறது என்பதை எல்லோரும் அறிந்துகொண்டனர்.

என் மனைவி இராக்காயிதான் முதலில் வாய் திறந்தாள். "என்னத்தா, சொல்லு."

"ஒண்ணுகூட எந்திரிக்கல மதினி. ஒண்ணுகூட."

நகரத்து வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அம்மன் திருவிழாவுக்கு முன்பாக, குளத்து வண்டலான கரம்பை மண்ணையும் எருவையும் மண் ஓடுகளில் நிரப்பி நவதானியம் விதைத்து, வெயில் புகாத அறையில் அடைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பெண் மட்டும் விரதமிருந்து நாள்தோறும் குளத்து நீரைத் தெளிப்பார். ஆண்கள் அந்த அறைக்குள் செல்வதில்லை. ஒளியைக் காணாத பயிர் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு சாண் உயரம் எழுந்து நிற்கும். அதுவே முளைப்பாரி. விழா நாளில் பெண்கள் அதைத் தலையில் சுமந்து சென்று குளத்தில் கரைப்பர். பயிர் செழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. செழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அவ்வாறு நிகழ்ந்ததே இல்லை.

அன்று வீட்டுக்கு ஒன்றாக நாற்பதுக்கும் மேற்பட்ட ஓடுகள் அந்த இருட்டறையில் இருந்தன. ஒன்றைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார் வெள்ளையம்மாள். நான் குனிந்து பார்த்தேன். மண்ணின்மேல் வெண்ணிறப் பொருக்கு ஒன்று படிந்திருந்தது. விதைகள் வெடித்திருந்தன. முளை வெளியே எட்டிப் பார்த்து, அந்த நிலையிலேயே கறுத்துப் போயிருந்தது.

அந்த வாடையை நான் அறிவேன். அறிந்தும் அறியாதவன் போல நிமிர்ந்தேன். இவ்வாரம் நான் எழுத முனைந்தது அந்த நிமிர்தலைப் பற்றித்தான்.

தோல் கிடங்கில் கற்ற எழுத்து

என் இளமையின் பெரும்பகுதி திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்கில் கழிந்தது. பள்ளியை நான் வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவன். நண்பகல் உணவு வேளையில், சோற்றுப் பொட்டலம் சுற்றி வந்த செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். புரியாத சொல்லை அருகில் அமர்ந்து உண்ணும் காதர் பாயிடம் கேட்பேன். இன்று இந்த இதழில் வாரந்தோறும் எழுதுவதற்கு அந்தக் குழம்புக் கறை படிந்த தாள்களே காரணம்.

முதல் நாள் சுண்ணாம்புக் குழியின் அருகே நான் வாந்தி எடுத்தேன். காதர் பாய் என் முதுகைத் தடவிவிட்டு ஒன்று சொன்னார்.

"மூணு நாளு பல்லக் கடிச்சுக்க அப்பு. அப்பறம் மூக்கு செத்துப்போகும். நாத்தம் எங்கயும் போகாது, நமக்குத்தான் தெரியாது."

அவர் கூறியவாறே நான்காம் நாள் வாடை மறைந்தது. பல ஆண்டுகள் அது எங்கே போயிற்று என்று நான் எண்ணிப் பார்க்கவேயில்லை. முளைப்பாரி வாசலில், அந்த வெண்ணிறப் பொருக்கின்மேல் குனிந்த கணத்தில், இறந்துபோன மூக்கு திடீரென விழித்துக்கொண்டது. ஊறவைத்த தோல், உப்பு, சுண்ணாம்பு.

சாணார்பட்டிக்குத் தெற்கே வயல்களின் நடுவே இருக்கும் எங்கள் ஊருக்கும் அந்தக் கிடங்குகளுக்கும் இடையே எத்தனையோ கல் தொலைவு. இங்கே அந்த வாடை வர வழியில்லை என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன்.

உச்சிப் பொழுதின் ஓசை

எங்கள் குளத்தின் பெயர் கொன்றைக்குளம். மேற்கிலிருந்து ஒரு வரத்து வாய்க்கால் அதற்கு மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும். வாய்க்காலின் தலைப்பில் சீமைக்கருவேலம் புதராய் மண்டிக் கிடக்கும். அதனுள்ளே முனியின் கல் நிற்கிறது. உச்சிப் பொழுதில் முனி நடமாடும் என்பதால் அந்நேரத்தில் அப்பக்கம் எவரும் போவதில்லை. ஆடு மேய்ப்போர்கூடப் பதினொரு மணிக்கே மந்தையைத் திருப்பிவிடுவர்.

முளைப்பாரி பொய்த்ததற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அந்தப் புதரிலிருந்து நண்பகலில் ஓர் உறுமல் கேட்கத் தொடங்கியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். தாழ்ந்த, இடைவிடாத உறுமல். ஏறக்குறைய அரை மணி நேரம் நீடித்து, ஒரு செருமலோடு அடங்கும். காற்று மேற்கிலிருந்து வீசினால் கூடவே ஒரு நாற்றமும் வரும்.

முனிக்குக் கோபம் என்றது ஊர். கிடாய் வெட்டினார்கள். உறுமல் நிற்கவில்லை. பொங்கல் வைத்தார்கள். நிற்கவில்லை. பின்னர் அதற்கும் பழகிவிட்டோம். உறுமல் எழுந்ததும் தாய்மார் கதவைச் சாத்துவர், அடங்கியதும் திறப்பர்.

வேறு சிலவும் நிகழ்ந்தன. மழை பெய்த மறுநாள் குளத்தில் தவளை கத்தவில்லை. கொக்குகள் நீர் விளிம்பு வரை நடந்து வந்து, ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டு, அலகை நனைக்காமலே பறந்து சென்றன. ஆடுகள் கரையேறித் தலையைத் திருப்பிக்கொண்டன. தண்ணீர் மட்டும் நிறைந்து, அசையாமல், மேலே எண்ணெய் போன்ற மினுக்கத்தோடு கிடந்தது. இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்தோம். சேர்த்து வைத்து எண்ணிப் பார்க்க எவருக்கும் துணிவில்லை.

நான் தேர்ந்தெடுத்த சொற்கள்

மறுநாள் கோயில் முன்பாக விழாக் குழு கூடியது. குழுவில் மூத்தவன் நான். மளிகைக் கடை சோணைமுத்துதான் முதலில் பேசினான்.

"வெரதம் வெரதம்னு சொல்லிட்டு டவுனுக்குப் பிரியாணி திங்கப் போனாளோ என்னமோ. யாரு கண்டா?"

சிலர் சிரித்தனர். சற்றுத் தள்ளிப் பெண்களோடு நின்றிருந்த வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை.

"ஏலே சோணை, ஒங்கடைப் பயறுதானடா வெதச்சேன்? அதுல வண்டு எம்புட்டு, பயறு எம்புட்டுன்னு மொதல்ல சொல்லு."

மீண்டும் சிரிப்பு. ஆனால் அது விரைவில் அடங்கியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தனர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இம்முறை கை மாற்றிப் பார்ப்பது உசிதம்" என்றேன்.

நாகரிகமான வாக்கியம் என்று அப்போது நான் பெருமைப்பட்ட வாக்கியம் அது. அதன் பொருள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் கை ஆகாத கை. அவள் தொட்டது துலங்காது.

வெள்ளையம்மாள் கணவரை இழந்தவர். சம்பங்கி பறித்துப் பூச்சந்தைக்கு அனுப்பித் தம் மகள் செல்வியை வளர்த்தவர். அப்போது செல்விக்குப் பழனிப் பக்கம் கீரனூரில் ஓர் இடம் பேசி முடித்திருந்தது. நான் சொன்ன வாக்கியம் மூன்றே நாளில் கீரனூரை அடைந்தது. மாப்பிள்ளையின் தந்தை நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, ஊருக்குள்ள ஒரு பேச்சு கேட்டனுங்க. நெசந்தானுங்களா?"

இல்லை என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.

"அப்படிங்களா" என்றார். தேநீரை முழுவதும் அருந்தினார். "எங்களுக்கும் நாலு சனம் இருக்குதுங்களே. வாரனுங்க." அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அவர் சென்ற பின் வெற்றுக் குவளையை நானே கழுவி வைத்தேன்.

தண்ணீர் மட்டும் வேறு

அதற்கு மறுநாள் வெள்ளையம்மாள் ஏழு புதிய ஓடுகளைக் கூடையில் சுமந்துகொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, கைய மாத்த வேணாம். தண்ணிய மாத்துவோம்."

"என்னத்தா சொல்ற?"

"மண்ணு ஒண்ணு, சாணார்பட்டியில எங்கக்கா வீட்டுச் செம்மண்ணு. வெதை ஒண்ணு. கையும் ஒண்ணுதான், எங்கையி. தண்ணி மட்டும் ஏழு எடத்துத் தண்ணி. எங்கையில குத்தம்னா ஏழும் சாகணும்ல?"

கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "பூட்டுப் போட்டுச் சாவிய நீங்களே வச்சுக்கங்க. பிற்பாடு யாரும் ஒரு பேச்சுப் பேசக் கூடாது."

குழு விழாவைத் தள்ளி வைத்தது. ஏழு பெண்கள் ஏழு இடங்களிலிருந்து நீர் கொண்டுவந்தனர்: வரத்து வாய்க்கால், குளத்தின் மேற்குக் கரை, மடை, கோயில் கிணறு, என் வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் குழாய், சாணார்பட்டியில் அக்கா வீட்டுக் குழாய். ஓடுகளின் விளிம்பைச் சுற்றிக் கட்டிய நூலில் முடிச்சுகள் இட்டு அடையாளம் வைத்தனர்.

நாள்தோறும் முற்பகலில் நான் பூட்டைத் திறப்பேன். பெண்கள் பார்த்திருக்க வெள்ளையம்மாள் நீர் தெளித்து வெளியேறுவார். மீண்டும் பூட்டுவேன். பின்னர் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் அந்த இருட்டில் ஏழு ஓடுகள் இருப்பதை, ஏழு பேர் மூச்சடக்கி அமர்ந்திருப்பதைப் போல உணர்வேன். உச்சிப் பொழுது வரும். சில நாள் மேற்கே உறுமல் எழும். கதவின் நாதாங்கி மெல்ல அதிரும்.

எட்டாம் நாள் ஊர் முழுவதும் கூடியது. வெள்ளையம்மாள் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்தார்.

அக்கா வீட்டு நீர்: ஒரு சாண் பயிர். பள்ளிக்கூடத்து நீர்: ஒரு சாண். கோயில் கிணறு: அதில் பாதி, நுனி கருகியிருந்தது. மடை, மேற்குக் கரை: வெண்பொருக்கும் கறுத்த முளையும். வாய்க்கால் நீர் தெளித்த ஓட்டில் விதைகூட வெடிக்கவில்லை. விதைத்த கோலத்திலேயே கிடந்தது.

கடைசியாக என் கிணற்று ஓடு வந்தது. அதில் பயிர் முளைத்திருந்தது. முளைத்து, விரல் நீளம் வளர்ந்து, பின் யாரோ உள்ளங்கையால் தடவிவிட்டதைப் போல எல்லாம் ஒரே பக்கமாக மண்ணோடு படிந்து கிடந்தது.

வெள்ளையம்மாள் வாய்க்கால் ஓட்டின் பொருக்கை விரலால் தொட்டு நாவில் வைத்தார். துப்பினார். "உப்பு" என்றார்.

சோணைமுத்துவின் குரலில் கேலி இல்லை. "அப்ப அண்ணன் வீட்டுல அம்புட்டுப் பேரும் குடிக்கிற தண்ணி?"

நான் வீட்டுக்குச் சென்றேன். இராக்காயி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "கஞ்சிக்கு உப்புப் போட்டுட்டியா?"

அவள் திரும்பாமலே கூறினாள். "உப்புப் போட்டு ஆறேழு மாசமாச்சே. தண்ணியிலயே இருக்கு. நீங்கதான் கேக்கவே இல்ல."

வாய்க்காலில்

நீர் எங்கே கெடுகிறது என்பதை ஓடுகள் காட்டிவிட்டன. வாய்க்காலின் தலைப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உறுமல் எழும் நேரத்தில் பார்க்க வேண்டும். அதுதான் எவருக்கும் இயலாதிருந்தது.

"உச்சி வேளையில முனி நடக்குற எடம்ணே" என்றான் சோணைமுத்து. "நான் கடையத் தொறக்கணும்."

"முனி மட்டும் எந்தத் தண்ணியக் குடிக்குதாம்?" என்றார் வெள்ளையம்மாள். "அதுக்கும் இதே கதிதான்."

அவர் இருட்டறைக்குள் சென்று, பொய்த்துப்போன முளைப்பாரி ஓடு ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சிலர் ஓரடி பின்வாங்கினர். இறந்த பாரியை எந்தப் பெண்ணும் தலையில் ஏற்றியதில்லை. பின்னர் இராக்காயி உள்ளே சென்று ஒன்றை எடுத்தாள். அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர். குலவை இல்லை, கொட்டு இல்லை. நாற்பது பெண்கள் கறுத்த ஓடுகளைச் சுமந்து வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தனர். சோணைமுத்து உட்பட ஆண்கள் பின்னால் சென்றோம். அன்று நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

புதரை நெருங்கியபோது உறுமல் தொடங்கியது. எவரும் நிற்கவில்லை.

கருவேலங்கிளைகளை விலக்கிய இடத்தில் ஒரு டேங்கர் லாரி நின்றிருந்தது. அதன் மோட்டார்தான் உறுமியது. தடித்த குழாய் ஒன்று வாய்க்காலுக்குள் இறங்கி, நீலமும் பழுப்புமான நீரைக் கக்கிக்கொண்டிருந்தது. முனியின் கல் பாதிக்குமேல் வெண்பொருக்கு ஏறி, அடையாளம் தெரியாமல் நின்றது. லாரியில் பெயர் எதுவும் இல்லை. எண் பலகையில் சேறு பூசியிருந்தது. எந்த ஆலையின் கழிவு என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஓட்டுநர் வண்டியின் நிழலில் அமர்ந்து பொட்டலச் சோறு உண்டுகொண்டிருந்தார். நிமிர்ந்தவர், வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்தார்.

"யாரும்மா நீங்க? என்னம்மா அது தலையில?"

பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, லாரியின் சக்கரங்களைச் சுற்றி ஓடுகளை இறக்கி வைத்தனர்.

"அண்ணே, நான் டிரைவருண்ணே" என்றார் அவர் என்னிடம். "ஊத்திட்டு வரச் சொன்னாங்க, ஊத்துனேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணே."

வெள்ளையம்மாள் கனிவாகவே கூறினார். "சோத்த முடிச்சுக்க அப்பு. முடிச்சிட்டு வாய்க்கால்ல எறங்கிக் கையக் கழுவு."

ஓட்டுநர் அந்த நீரைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். இறங்கவில்லை. இருக்கைக்கு அடியில் கிடந்த பாட்டில் தண்ணீரைத் துழாவினார்.

அப்போதுதான் நான் பேசினேன். எழுத்து நடையில் பேச முயன்றேன், வரவில்லை. "இது தோல் கெடங்குத் தண்ணி. அன்னைக்கு முளைப்பாரி வாசல்லயே எனக்கு வாடை தெரிஞ்சது. நான் சொல்லல."

வெள்ளையம்மாள் திரும்பினார்.

"அன்னைக்கேவா?"

அவ்வளவே கேட்டார்.

அதன் பிறகு

நாங்கள் அழைத்த அதிகாரிகள் மாலையில் வரும் வரை பெண்கள் அந்த ஓடுகளின் நடுவே அமர்ந்திருந்தனர். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு ஓர் ஓட்டையும் கொண்டு சென்று மேசைமேல் வைத்தோம். மனுவை வாங்கியவர் அதை அகற்றச் சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை. லாரிகள் நின்றன. வண்டித் தடத்தின் குறுக்கே பள்ளம் வெட்டினோம். பொருக்கேறிய கரம்பையை ஊர்கூடிச் சுரண்டி அகற்றினோம். தெருவுக்கு ஒரு நாளாக, உச்சிப் பொழுதில் முனிக் கல்லின் அருகே இருவர் காவல் அமர்கின்றனர். குடிப்பது பள்ளிக்கூடத்துத் தண்ணீரை. நண்பகலில் இப்போது எந்த ஓசையும் இல்லை. ஆயினும் பழைய உறுமலைவிட அந்த அமைதி சிலரை அதிகமாக அச்சுறுத்துகிறது. மண்ணுக்குள் இறங்கியது என்ன ஆயிற்று என்று அது சொல்வதில்லை.

கீரனூருக்கு நானே நேரில் சென்றேன். நடந்தவற்றை ஒன்றுவிடாமல் கூறினேன். மாப்பிள்ளையின் தந்தை பொறுமையாகக் கேட்டார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அவர்கள் அதற்குள் வேறு இடத்தில் நிச்சயம் செய்திருந்தனர். செல்வி பின்னர் காந்திகிராமத்தில் படிக்கச் சென்றாள். இன்னும் என்னைக் கண்டால் தலையைத் தாழ்த்தியே கடந்து போகிறாள்.

அடுத்த ஆண்டு முளைப்பாரி வளர்க்க யார் என்ற பேச்சு எழுந்தபோது, ஊர் ஒரே குரலில் வெள்ளையம்மாளின் பெயரைச் சொன்னது. அவர் ஒரு நிபந்தனையோடு இசைந்தார்.

"பள்ளிக்கூடத்துத் தண்ணியில நான் வளக்குறேன். குளத்துத் தண்ணியில ஒரே ஒரு ஓடு. அத அண்ணன் வளக்கட்டும்."

ஆண் முளைப்பாரி வளர்ப்பதா என்று எவரும் கேட்கவில்லை. நான் விரதமிருந்தேன். தானிய அறையை ஒழித்துச் சன்னலைச் சாக்கால் மூடி, நாள்தோறும் குளத்து நீரைத் தெளித்தேன். அந்த ஆண்டு இரண்டு விரல்கடை எழுந்து நின்றுவிட்டது. பெண்களின் வரிசைக்குக் கடைசியில் அதைச் சுமந்து சென்றேன். நீர் விளிம்பில் வெள்ளையம்மாள் என்னை மறித்தார். "ஒங்களுது இன்னும் வளந்து முடியலண்ணே. வீட்டுக்குக் கொண்டு போங்க."

இந்த ஆண்டு நான்கு விரல்கடை. விழாவுக்கு முந்தைய நாள் அவர் வந்து, தானிய அறையின் வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். இருட்டில் அந்த வெளிறிய பயிர் எங்கள் இருவரையும் பார்ப்பது போலிருந்தது.

"அன்னைக்கு வாய்க்கால்ல நீ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல" என்றேன்.

"ஒரு சாணு வரட்டும்ணே" என்றார். "அப்பச் சொல்லுங்க, கேக்குறேன்."

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஒரு சாணுக்கு இன்னும் எட்டு விரல்கடை. அவர் சென்றபின் கதவைச் சாத்திக்கொண்டு, செம்பிலிருந்த குளத்து நீரை ஒரு கை அள்ளித் தெளித்தேன்.